கோடை வெயிலும் குடிநீர்ப் பானையும்

மாசி அறுவடை முடிந்து களம் ஓய்ந்த கையோடு வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. மதுரைச் சமவெளியில் அதனால் வேலை குறைவதில்லை. மல்லிகைப் பறிப்பு, கோடை உழவு, கிணற்றுப் பாசனத்தில் எள், உளுந்து என்று நாள் ஓடுகிறது. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று இரு முறை எட்டிப் பார்க்கும் உழவர், தாம் அன்று குடித்த தண்ணீர் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

கடும் வெயிலில் உழைப்பவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகக்கூடும். அதோடு உப்பும் போகிறது. தாகம் எடுத்த பின் குடிப்பது, பயிர் வாடிய பின் மடை திறப்பதைப் போன்றது. வேலையின்போது 15, 20 நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். காலையில் உப்பிட்ட நீராகாரமோ கம்பங்கூழோ, உச்சிப்பொழுதில் நீர்மோரோ இருந்தால் உப்பும் ஈடாகிவிடும். சித்திரைத் திருவிழாவின்போது சிம்மக்கல், யானைக்கல் பக்கம் பந்தலில் வாங்கிக் குடிக்கும் மோரில் உப்பு சேர்ப்பது ருசிக்காக மட்டுமன்று. வண்ண வண்ணப் பாட்டில் பானங்களில் சர்க்கரைதான் மிகுதி. அந்தக் காசுக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கலாம். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் உப்பு, நீர் இரண்டின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மண்பானை நீர் குளிர்வதற்குக் காரணம், அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதே. ஆகவே பானையைக் காற்றோட்டமான நிழலில், ஈர மணல் மேல் வைக்க வேண்டும். நாளாவட்டத்தில் உப்புப் படிந்து துளைகள் அடைபட்டால் பானை குளிராது, மாற்றிவிடலாம். கையை விட்டு மொள்ளாமல் நீண்ட பிடியுள்ள அகப்பை பயன்படுத்துங்கள். குழாயில் நீர் வராத நாட்களுக்கென டிரம்களில் பிடித்து வைப்பவர்கள் இறுக மூடவும், வாரம் ஒரு முறை உட்புறம் தேய்த்துக் கழுவிக் காயவைக்கவும் வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. அது கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

கிணற்று நீரைக் குடிப்பவர்கள் கோடையில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீர் மட்டம் இறங்க இறங்க, இருக்கும் சிறிதளவு நீரில் அசுத்தம் செறிவாகிறது. பிளீச்சிங் பவுடர் இடுவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வட்டக் கிணறாயின் விட்டத்தை விட்டத்தாலும், நிற்கும் நீரின் ஆழத்தாலும் (எல்லாம் அடியில்) பெருக்கி, பின் 22ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 10 அடி விட்டக் கிணற்றில் 6 அடி நீர் நின்றால் 13,200 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 33 கிராம் பவுடர் போதும். இதை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, அவ்வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தே நீர் எடுக்கலாம். மாலையில் இட்டுக் காலையில் எடுப்பது வசதி. மூட்டையில் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். உரத்தால் நைட்ரேட் கலந்த கிணற்றை இம்முறை திருத்தாது; காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. ஐயம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்த பிறகே அந்நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று நிறுத்திவிடுவதே பெரிய ஆபத்து. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீரும் நிலை வந்தது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, 4 பேருக்கும் குறைவாயிற்று. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீரும் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று அச்சிட்டிருந்தால், முழுவதையும் ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பொட்டலம் கிடைக்கும் வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு கூடினால் கெடுதல். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை துவண்டாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் செல்ல வேண்டும்.

வயலில் ஒருவர் தள்ளாடி, பேச்சுக் குழறி, உடல் நெருப்பாய்ச் சுட்டால் அது வெப்பத் தாக்கு. 108க்குச் சொல்லிவிட்டு, அவரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

மல்லிகைக்கோ காய்கறிக்கோ மருந்தடித்தவர் இப்படி விழுந்தால் வெயில் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. மிகுந்த வியர்வையோடு எச்சில் வழிந்து, வாந்தி எடுத்து, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருந்தால் மருந்து நஞ்சு ஏறியதாக இருக்கலாம். வியர்த்த தோல் வழியே மருந்து எளிதில் உள்ளே போகும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு, நனைந்த ஆடையைக் களைந்து சோப்பு நீரால் உடலைக் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியை அதன் சீட்டோடு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். காலியான அந்தப் புட்டியைக் கழுவி வயலுக்குக் குடிநீர் கொண்டுபோகும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீருக்கு ஆகாது. ஓட்டை போட்டு அப்புறப்படுத்திவிடுங்கள்.