ஹோகார்த் காட்டிய லண்டன்

ஆங்கில நாவல் தளிர்விட்ட 18ஆம் நூற்றாண்டிலே, செதுக்குளியால் கதை சொன்ன கலைஞர் ஒருவரும் லண்டனில் வாழ்ந்தார். அவர்தான் வில்லியம் ஹோகார்த் (1697–1764).

பள்ளி ஆசிரியரான அவரது தந்தை கடனுக்காகச் சிறையிருந்தவர். வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் செதுக்கும் தொழிலைப் பயின்ற மகன், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அங்கதப் படங்களால் புகழ்பெற்றார். ஓவியத்தைச் செல்வந்தர் ஒருவரே வாங்கலாம். அச்சுப் படமோ பலர் கைக்கும் எட்டும்.

1732இல் வெளியான 'ஒரு விலைமாதின் வாழ்க்கைப் பாதை' ஆறு படங்களைக் கொண்டது. கிராமத்திலிருந்து லண்டன் வந்த பெண்ணொருத்தி சீரழிந்து மடிவதைப் படிப்படியாகக் காட்டுவது. படங்கள் விலைபோகவே, திருட்டுப் பிரதிகளும் பெருகின. ஹோகார்த்தும் சக கலைஞர்களும் பாராளுமன்றத்தில் முறையிட்டனர். 1735இல் நிறைவேறிய சட்டம் செதுக்கோவியருக்கு 14 ஆண்டுப் பதிப்புரிமை வழங்கியது. தந்தை தேடிய பொருளை அழித்துப் பைத்தியசாலையில் முடியும் ஊதாரியின் கதையைச் சொல்லும் எட்டுப் படங்களை, அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவர் வெளியிடாது வைத்திருந்தார்.

1751இல் வந்த 'ஜின் சந்து' அவரது படங்களுள் மிகக் கொடூரமானது. மலிவான ஜின் மதுவில் ஏழை லண்டன் மூழ்கியிருந்த காலம் அது. போதையில் மூக்குப்பொடி எடுக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. தச்சன் தன் வாளையும், இல்லத்தரசி சமையற் பாத்திரங்களையும் ஈடு வைக்கிறார்கள். அச்சந்திலே செழிப்பவர்கள் ஈட்டுக்கடைக்காரன், மது வடிப்பவன், பிரேதப்பெட்டி செய்பவன் ஆகியோரே! இதற்கு இணையாக வந்த 'பியர் வீதி'யில் ஈட்டுக்கடைதான் பாழடைந்து கிடக்கிறது. ஒரு ஷிலிங்குக்கு விற்ற இப்படங்கள், நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங்கும் ஈடுபட்டிருந்த ஜின் எதிர்ப்பு இயக்கத்துக்கு வலுவூட்டின. அவ்வாண்டே ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது.

ஏழையின் குடியைச் சாடிய ஹோகார்த், அவனைக் குடிக்கத் தூண்டிய வறுமையைப் போதியளவு காட்டவில்லை என்று குறைகூற இடமுண்டு. ஒரு ஜின்னுக்குப் பதில் பியரைப் பரிந்துரைப்பதால் வறுமை தீராது. ஆயினும் அந்த ஈட்டுக்கடையை மறுபடி நோக்குங்கள். ஒருவனின் வீழ்ச்சியில் யார் இலாபமடைகிறார் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. சமூக அங்கதத்தின் வலு அத்தகைய கேள்வியில்தான் தங்கியுள்ளது.