மறதி வரலாம், மாண்பு குறைய வேண்டியதில்லை

ஓய்வூதியம் பெற மாதந்தோறும் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்கள் பலரை நாங்கள் ஆண்டுக்கணக்கில் அறிவோம். அவர்களுள் ஒருவர், நேற்று எடுத்த தொகையை இன்றும் எடுக்க வருவார். நினைவூட்டினால் திகைப்பார். கையொப்பமும் சற்றே மாறியிருக்கும். முகமையச் சாளரத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது சிறு குழப்பம். அக்குடும்பத்திற்கோ பெரிய மாற்றத்தின் தொடக்கமாக இருக்கலாம்.

மறதிநோய் இயல்பான மூப்பன்று. மூளையைப் பாதிக்கும் நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. எல்லா மறதியும் இந்நோய் அன்று. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவற்றாலும் மறதி ஏற்படும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே முதலில் நாட வேண்டியவர் மருத்துவரே.

மறதிநோய் என உறுதியானாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தொடக்க நிலையில் பலரால் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல இயலும். அக்காலமே பொன்னான காலம். ஏனெனில், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழந்தால் அவர் அளித்த பவர் பத்திரமும் பொதுவாக முடிவுக்கு வந்துவிடும். "பவர் இருக்கிறதே" என்று நம்பியிருந்த குடும்பங்கள், மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்க நீதிமன்றத்தை நாட நேரிடுவது இதனாலேயே.

ஆகவே, தெளிவு உள்ளபோதே அவரையும் உடன் அமர்த்திக்கொண்டு கீழ்க்காண்பவற்றை முடித்துவிடுதல் நன்று:

1. கணக்குகள், வைப்புநிதிகள், காப்பீடுகள், பெட்டகம் ஆகியவற்றின் பட்டியலைத் தயாரித்தல்.
2. நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தல்; எல்லாக் கணக்குகளிலும் வாரிசு நியமனத்தைச் சரிபார்த்தல்.
3. உயில் எழுதுவது குறித்து வழக்குரைஞரின் ஆலோசனை பெறுதல்.
4. ஏடிஎம் அட்டையின் வரம்பைக் குறைத்தல். இணையவழிப் பயன்பாடு தேவையில்லையெனில் நிறுத்தி வைத்தல்.
5. ஓடிபியை எவரிடமும் சொல்லலாகாது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் நினைவூட்டி வருதல். மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்தல்.

கிளைக்கு வர இயலாத நிலையில், 70 வயதைக் கடந்தோருக்கு வீட்டிலேயே அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியுள்ளது. அது பற்றித் தங்கள் கிளையில் கேட்டறியலாம்.

பாதுகாப்பு என்ற பெயரில் பணத்தை முற்றிலும் அவர் கையிலிருந்து பறித்துவிடலாகாது. சிறு தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றை அவர் பெயரில் வைத்திருக்கலாம். காய்கறி வாங்குவதும், பேரக்குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருவதும் அவர் கையாலேயே நடக்கட்டும். தொகை தவறினாலும் இழப்பு சிறிது. அவர் பெறும் தன்மதிப்போ பெரிது.

அடுத்த முறை பெற்றோருடன் கிளைக்கு வரும்போது, அவருக்காகத் தாங்கள் பேசாமல் அவரையே பேச விடுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம். நாங்கள் காத்திருப்போம்.