ஆறு அறுத்த வழி: ஆல்ப்ஸ் மலையிடுக்குகள் குறித்து ஒரு நோக்கு

மலை பற்றிய சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. விடர், முழை, அளை என மலையின் வெடிப்பையும் குகையையும் பொந்தையும் குறிக்கும் சொற்கள் சங்க நூல்களிலேயே பயில்கின்றன. கணவாய், பள்ளத்தாக்கு ஆகியன இன்றும் பாடநூல்களில் வழங்குகின்றன. ஆயினும், இருபுறமும் செங்குத்தான பாறைகள் நெருங்கி நிற்க, நடுவே ஆறு ஒன்று நெருக்குண்டு பாயும் ஒடுங்கிய இடத்திற்கு நாம் ஆளுவது எளிய சொல் ஒன்றையே. 'இடுக்கு' என்பது அது. கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் பெயர் இச்சொல்லடியாகப் பிறந்தது என்பர். தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வாழும் மலைமக்கள் இத்தகைய இடத்தைக் 'கிளாம்' என வழங்குவர். அச்சொல்லும் நெருக்குதல், இடுக்கிப் பிடித்தல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது. இவ்விரு மொழிகளுக்கும் இனவுறவு யாதும் இல்லை. எனினும், அவ்விடத்துள் நின்ற மனிதன் இரு நாட்டிலும் ஒன்றையே உணர்ந்திருக்கிறான் போலும்! இவ்வொற்றுமையே இப்பொருள் பற்றி எழுத நம்மைத் தூண்டியது.

ஜெர்மனியின் தென்கோடியில், பவேரியா மாநிலத்தில், ஆஸ்திரிய எல்லையை அடுத்துக் கார்மிஷ் - பார்ட்டன்கிர்ஷன் என்னும் ஊர் அமைந்துள்ளது. முன்னர் இரண்டாக இருந்த ஊர்கள் 1936ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை முன்னிட்டு 1935இல் ஒன்றாக்கப்பட்டன. ஊருக்குத் தெற்கே வெட்டர்ஸ்டைன் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சியாகிய சூக்ஸ்பிட்சே 2962 மீட்டர் உயரமுடையது; ஜெர்மனியின் மிகவுயர்ந்த சிகரமும் அதுவே. அத்தொடரினின்று இறங்கிவரும் பார்ட்னாக் ஆறு, இவ்வூரில் லாய்சாக் ஆற்றோடு கலக்கிறது. கலப்பதற்கு முன் அது ஓர் இடுக்கினுள் புகுந்து வெளிப்படுகிறது. பார்ட்னாக் கிளாம் எனப்படும் அவ்விடுக்கின் நீளம் ஏறத்தாழ 700 மீட்டர். ஆழமோ சிலவிடங்களில் 80 மீட்டரைக் கடக்கும். நீளத்தை மட்டும் கணக்கிட்டால் பத்து மணித்துளி நடைதான். ஆயின், உட்புகுந்தோர் அவ்வளவு விரைவில் வெளிவர மனங்கொள்வதில்லை.

ஒலிம்பிக் பனிச்சறுக்கு அரங்கிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் இடுக்கின் வாயிலை அடையலாம். உள்ளே செல்லும் பாதை பாறைச் சுவரையே குடைந்து அமைக்கப்பட்டது. ஓரிடத்தில் அது திறந்த விளிம்பாக நீரின் மேல் தொங்கும். மற்றோரிடத்தில் இருண்ட சுரங்கமாகும். தலைக்குமேல் பாறை கவிந்திருப்பதால் உயரமானவர்கள் குனிந்தே செல்ல வேண்டும். ஒருபுறம் கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் நுரைத்துச் சுழலும் பசுநீர். நீரின் முழக்கம் இரு சுவர்களிலும் மோதித் திரும்புவதால் அருகில் வருபவர் பேசுவதுகூடக் காதில் விழுவதில்லை. வானம் ஒரு நாடாவைப்போல மேலே தெரியும். ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் இரும்புப் பாலம் ஒன்று இருபுறத்தையும் இணைக்கிறது. கோடையிலும் உள்ளே குளிர்தான். பாறையிலிருந்து நீர் சொட்டியவாறே இருக்கும். குளிர்காலத்திலோ அச்சொட்டு நீரே உறைந்து, ஆளுயரத்தினும் பெரிய பனித்தூண்களாகவும் திரைகளாகவும் சுவரெங்கும் தொங்கும்.

இவ்விடுக்கு எவ்வாறு தோன்றியது? கல்லை நீர் அறுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நீர் மட்டும் தனித்து அத்துணை விரைவாக அறுத்துவிடாது. அது சுமந்துவரும் மணலும் கூழாங்கல்லுமே அரத்தின் வேலையைச் செய்கின்றன. நீர் சுழலும் இடத்தில் ஒரு கல் சிக்கிக்கொண்டால், ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல அங்கேயே சுழன்று, பாறையில் உருண்டைக் குழி ஒன்றைக் குடைந்துவிடும். அக்குழிகள் ஒன்றோடொன்று உடைந்து கலக்க, ஆற்றின் படுகை கீழிறங்கும். இங்குள்ள பாறை ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கடினமான சுண்ணாம்புக்கல். இடுக்கிற்கு மேற்புறத்தில் உள்ளதோ களிமண் கலந்த மென்பாறை. மென்பாறை சரிந்து அகலும். எனவே அங்கே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. கடினப் பாறை சரிவதில்லை; அறுத்த இடத்தில் அறுத்தபடியே நிற்கும். ஆதலின் ஆறு பக்கவாட்டில் பரவ இயலாமல் கீழ்நோக்கியே இறங்கிற்று. பாறையின் உறுதியே பள்ளத்தின் ஒடுக்கத்திற்குக் காரணம் என்பதை மாணவர்கள் இங்கே கருத்திற்கொள்க.

இயற்கையின் வேலை இவ்வாறாக, மனிதன் இதனுள் புகுந்தது காட்சி காண்பதற்காக அன்று, பிழைப்பிற்காக. 18ஆம் நூற்றாண்டு முதலே மேற்புறக் காடுகளில் வெட்டிய மரத்தை ஊருக்குக் கொண்டுவர இவ்வாறே வழியாயிற்று. வண்டி செல்லப் பாதையில்லாத மலையில் வேறு வழியும் இல்லை. கட்டைகளில் உரியவரின் வீட்டுக்குறி பொறிக்கப்படும். நீர் பெருகும் காலத்தில் அவை ஆற்றில் தள்ளப்படும். வெள்ளம் அவற்றை இடுக்கின் வழியே இழுத்துவர, கீழே ஊரார் தத்தம் குறிகண்டு பிரித்துக்கொள்வர். சொல்வதற்கு எளிய முறைதான். ஆயின் ஒடுங்கிய இடத்தில் ஒரு கட்டை குறுக்கே மாட்டிக்கொண்டால், பின்வருவன அனைத்தும் அதன்மேல் ஏறி அடைத்துக்கொள்ளும். அப்போது ஒருவன் கயிற்றில் கட்டுண்டு, பாறை விளிம்பிலிருந்து கீழிறங்கி, கொக்கியிட்ட நீண்ட கழியால் அம்முதற்கட்டையை அசைத்து விடுவிக்க வேண்டும். அது விடுபடும் நொடியில், தேங்கிய நீரும் கட்டைகளும் ஒருசேரப் பாயும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் அந்நொடியில் இழுத்தாக வேண்டும். ஆல்ப்ஸ் நாடுகளில் இத்தொழிலில் மாண்டோர் பலர். பயணநூல்கள் அருவியின் அழகைப் பல பக்கம் எழுதிவிட்டு, இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்கு உவப்பாயில்லை.

1912இல் இவ்விடுக்கு இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, காண வருவோர்க்கு உரியதாயிற்று. எனினும், மரம் மிதக்க விடுதல் 1960களில்தான் முற்றிலும் நின்றது. அதாவது, அரை நூற்றாண்டுக் காலம் வேடிக்கை பார்க்க வந்தவரும் வேலை செய்ய வந்தவரும் ஒரே இடுக்கைப் பகிர்ந்துகொண்டனர்.

பாறை உறுதியானது என்றோம், அவ்வுறுதிக்கும் எல்லையுண்டு. 1991 சூன் 1ஆம் நாள் இடுக்கின் தென்கோடியில் ஏறத்தாழ 5,000 கனமீட்டர் பாறை சரிந்து விழுந்தது. பாதை மூடியது, ஆறு தடைப்பட்டுச் சிறு ஏரியாகத் தேங்கியது. நற்பேறாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. சரிந்த குவியலை அகற்றாமல், பக்கத்துப் பாறையில் புதிய சுரங்கவழி குடைந்து நடைபாதையை மீட்டனர். அக்குவியலை இன்றும் காணலாம்.

பாறைச்சரிவினும் அஞ்சத்தக்கது நீர்ப்பெருக்கே. இடுக்கினுள் நிற்பவன் அண்ணாந்து பார்க்கும் வானத்தை நம்ப முடியாது. அவனுக்குரிய மழை, அவன் காணாத மேல்மலையில் பெய்வது. அகன்ற பள்ளத்தாக்கில் ஒரு சாண் உயரும் நீர், ஒடுங்கிய இடுக்கில் பன்மடங்கு உயர்ந்துவிடும்; ஏறித் தப்பப் படியோ கரையோ இராது. குற்றாலத்தை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டதை நாடறியும். சூக்ஸ்பிட்சேயின் மறுபுறம் ஹொல்லன்டால் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. 'நரகப் பள்ளத்தாக்கு' என்பது அப்பெயரின் பொருள். அங்குள்ள இடுக்கு 1905 முதல் நடைபாதை பெற்று விளங்குவது. 2021 ஆகஸ்டு மாதத்தில் மேலே பெய்த பெருமழையால் அதனுள் வெள்ளம் பாய்ந்து, பாலத்தை அடித்துச் சென்றது. பெண் ஒருவர் உயிரிழந்தார். நடக்கத் தெரிந்தவர்க்கும் மலையறிந்தவர்க்கும் அங்கே விதிவிலக்கு இல்லை.

இதனாலேயே காவலர் வழியை அடைத்துவிட்டால், வெயில் காய்கிறதே என்று அவரோடு வாதிடுவதில் பயனில்லை. பார்ட்னாக் இடுக்கு குளிர்காலத்திலும் திறந்திருக்கும். இளவேனிலில் மலைப்பனி உருகி ஆறு பெருகும்போது மூடப்படும். மரத்தொழிலாளர் கயிற்றில் இறங்கியது அந்தப் பருவத்தில்தான்.