கோயில் கதவு சாத்தும் வரை

ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பும் கலைந்த பின்னர், ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி தன் தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு கோயிலின் கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருப்பாள். கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு வந்து நிற்கும் வரை எழமாட்டாள். "எவ்வளவு பக்தியுள்ள பிள்ளை!" என்று நாம் பலரிடம் புகழ்ந்ததுண்டு. சில திங்கள் கழித்தே உண்மை விளங்கிற்று. ஞாயிறு, அவள் தந்தை வேலைக்குப் போகாத நாள். நண்பகலுக்குள் குடித்துவிட்டுத் தாயை அடிக்கும் நாள். அப்பிள்ளைகள் செபித்தும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போக அஞ்சியே அங்கு அமர்ந்திருந்தார்கள்.

அத்தெருவில் வாழும் நம் பங்குக் குடும்பங்கள் இதை அறிந்தே இருந்தன. அலறல் கேட்கும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வார்களாம். "கணவன் மனைவி சண்டையில் தலையிட்டால் நமக்குத்தான் கெட்ட பெயர்" என்பது அவர்கள் கூறிய நியாயம். அவர்களைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? அக்குழந்தையின் அச்சத்தைப் பக்தி என்று எண்ணியவர்கள் அல்லவா நாம்!

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவ்வீடுகளில் கதவுக்குப் பின்னே நின்று நடுங்கும் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். தம் மேல் ஓர் அடியும் விழாவிடினும் அவர்கள் காயப்படுகிறார்கள். இரவில் படுக்கை நனைகிறது. காரணமின்றி வயிறு வலிக்கிறது. சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடுகிறது. "என்னால்தான் சண்டை வந்தது" என்று தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. நாமோ ஒருவனை முரடன் என்றும் மற்றவனை மந்தம் என்றும் பெயரிட்டு அமைகிறோம்.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கௌவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத பூசல் ஆகியவற்றிடையே வளர்ந்த பிள்ளைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உடையவர்களாக உருவானார்கள். பாட்டி, ஆசிரியை, அண்டை வீட்டார், கோயில் குழுவினர் என யாரேனும் ஒரு பெரியவர் அவர்களுக்கு நிலையான துணையாய் இருந்தது தெரியவந்தது. நம் அன்பியங்களில் அத்தகைய ஒருவர் இல்லாமலா போவார்?

அவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு வேளைச் சோறு, வீட்டுப்பாடம் எழுத ஓர் இடம், தேவைப்பட்டால் இரவில் படுக்க ஒரு பாய். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். பிள்ளை தானே வாய் திறந்தால் நம்புங்கள். "தந்தையை மதிக்க வேண்டும் என்பது கட்டளை" என்று மட்டும் அப்போது வாயடைத்துவிடாதீர்கள். குடும்ப வன்முறை ஆண்மையின் அடையாளம் அன்று, கோழைத்தனமே என்று திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'அன்பின் மகிழ்வு' என்னும் 2016ஆம் ஆண்டு மடலில் எழுதியுள்ளார். "பொறுத்துக்கொள் அம்மா" என்று நாம் தாய்க்குக் கூறும் புத்திமதிக்குப் பிள்ளைகளே விலை கொடுக்கிறார்கள்.

காவல் நிலையம், வழக்கு என்றால் நம்மவர்க்கு அச்சம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்குத் தொடர இடமில்லை. தாயும் பிள்ளைகளும் அதே வீட்டில் வாழும் உரிமையையும் அச்சட்டம் காக்கிறது. பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விட நீதிபதி ஆணையிடலாம். பிள்ளைக்கே ஆபத்து எனில் 1098 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அந்தச் சிறுமியின் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். செய்தி அறிந்த பின் ஞாயிறுதோறும் அக்காளையும் தம்பியையும் மதிய உணவுக்கு அழைத்துச் சென்றார். நான்கு மாதம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை அவர்களின் தாயும் வந்து அந்தத் திண்ணையில் அமர்ந்தார். பாதுகாப்பு அலுவலரிடம் போகும்போது ஆசிரியையும் உடன் சென்றார். வழக்கு இன்னும் முடியவில்லை. தந்தை வேறிடத்தில் இருக்கிறார்.

இப்போது திருப்பலி முடிந்ததும் முதலில் வெளியே ஓடுகிறவள் அச்சிறுமிதான். சில வாரம் மறைக்கல்விக்கும் வருவதில்லை. நாம் கண்டிப்பதில்லை.