கடையை ஒப்படைத்த பின் எங்கே குடியிருப்பது?

வியாபாரிக்கு ஓய்வூதியமும் இல்லை, ஓய்வு பெறும் திகதியும் இல்லை. முழங்கால் வலி, சீனி வருத்தம், பிரஷர் என்று ஒவ்வொன்றாக வந்து சேர, கல்லாப் பெட்டியின் சாவி மெல்ல மெல்ல மகனின் கைக்குப் போய்விடுகிறது. அன்றுதான் எமக்கு ஓய்வு. அடுத்ததாக வருவது, இனி எங்கே போய் இருப்பது என்ற கேள்வி.

புறக்கோட்டையில் முப்பது நாற்பது வருடங்கள் கடை நடத்திய எம்மவர் பலருடைய பார்வை இன்று கண்டிப் பக்கம் திரும்பியிருக்கிறது. கொழும்பின் வெக்கை அங்கே இல்லை. பெரிய வைத்தியசாலைகள் உண்டு. பலருக்கு மகள்மாரைக் கட்டிக் கொடுத்த ஊரும் அதுதான். எனவே நகரத்தைத் தெரிவு செய்வது சுலபம். ஆனால் எந்தப் பகுதி, எந்த ஒழுங்கை என்பதில்தான் எஞ்சிய காலத்தின் நிம்மதி தங்கியிருக்கிறது. கண்டியை உதாரணமாக வைத்தே எழுதுகிறேன். குருநாகலுக்கோ புத்தளத்துக்கோ போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு வேறு கணக்கு

கடைக்கு இடம் பார்ப்பதில் எமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சந்தி வேண்டும், பஸ் நிற்க வேண்டும், சனம் நடமாட வேண்டும். இதே கண்ணால் வீட்டையும் பார்ப்பவர்கள் பலர். ‘பிரதான வீதிக்கு முகப்பு, நாளைக்கு விலை ஏறும்’ என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். விலை ஏறினால் இலாபம் பிள்ளைகளுக்கு. ஹோர்ன் சத்தமும் புகையும் எமக்கு.

ஓய்வு காலத்து வீடு விற்பதற்காக வாங்கும் சரக்கல்ல. அது பாவனைப் பொருள். அதனால் கால்நடையில் பத்து நிமிடத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பள்ளிவாசல், பாமசி, மரக்கறிக் கடை, பஸ் நிறுத்தம் ஆகிய நான்கும் இருந்தால் அது நல்ல இடம். எல்லாவற்றுக்கும் ஓட்டோ பிடிக்க வேண்டுமென்றால் அந்தச் செலவையும் வீட்டின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பள்ளியும் மஹல்லாவும்

ஐந்து நேரமும் நடந்து போகக்கூடிய தூரத்தில் பள்ளி இருப்பது மட்டும் போதாது. இடையில் எத்தனை படி, எத்தனை ஏற்றம் என்றும் பார்க்க வேண்டும். கண்டியில் 300 மீற்றர் என்பது சில இடங்களில் நூறு படிக்கட்டுகளாக இருக்கும். இன்று ஏறிவிடுவோம். எழுபது வயதில் ஃபஜ்ருக்கு, மழை நேரத்தில் ஏறுவோமா?

இரண்டாவது, மஹல்லாவில் சேர்வது. புதிதாகக் குடியேறுபவர் பள்ளி நிர்வாகத்தைச் சந்தித்து, சந்தாவுக்குப் பெயர் பதிந்து கொள்ள வேண்டும். ஜனாஸா, மையவாடி, நிகாஹ் விடயங்களுக்கெல்லாம் அந்த நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு மையவாடியில் என்ன ஒழுங்கு என்பதை வீட்டை வாங்குவதற்கு முன்னரே கேட்டு வைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வைத்தியசாலை எவ்வளவு தூரம்?

கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் இருப்பது பெரிய பாக்கியம். ஆனால் கிலோமீற்றரை மட்டும் பார்க்கக் கூடாது, நேரத்தையும் பார்க்க வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். எசல பெரஹராக் காலத்தில் மாலையானால் நகரத்து வீதிகள் மூடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டுக்கலைப் பக்கம் இருப்பவருக்கு வைத்தியசாலை அருகில், ஆனால் காணி விலை அதிகம். அக்குறணை, மடவளைப் பக்கம் எமது சனமும் பள்ளிகளும் நிறைய உண்டு. ஆனால் அவசரத்துக்குக் கண்டிக்கு வர நேரமெடுக்கும். எது முக்கியம் என்பதை அவரவர் உடல் நிலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மாதா மாதம் கிளினிக் கொப்பியோடு போகிறவருக்கு வைத்தியசாலைக்கு அண்மையில் இருப்பதே இலாபம்.

இன்னுமொரு சிறிய சோதனை. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் வீட்டு வாசல் வரை வர முடியுமா? ஒழுங்கை ஒடுக்கமென்றால் நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்கி வர வேண்டியிருக்கும்.

மழையில் பாருங்கள்

வீடு பார்க்க எல்லோரும் வெயில் நாளில்தான் போகிறோம். மலைநாட்டில் அடைமழை நாளில் போக வேண்டும். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரத்துக் கடைகளுக்குள் தண்ணீர் புகுவது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விடயம். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் போது கண்டி மாவட்டம் பட்ட பாட்டையும் நாம் கண்டோம்.

ஆகவே சாய்வான காணியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். கட்டிய வீடென்றால் பிரதேச சபையோ மாநகர சபையோ அனுமதித்த பிளானைக் கேட்டு வாங்குங்கள். சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், பின்பக்கம் வெட்டிய மண் மேடு ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டார் எந்த இனத்தவரானாலும் அவர்களோடு நல்ல பழக்கம் இருக்க வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. வீட்டுக்குக் காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம், மண்சரிவு, கலவரம் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக் கொள்ளுங்கள். சாதாரண தீக் காப்புறுதியில் அவை தானாக அடங்குவதில்லை.

முதலில் வாடகை

எமது ஆட்கள் வாடகையை வீண் செலவு என்பார்கள். கணக்குப் பார்ப்போம். இரண்டு கோடி ரூபாவுக்கு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மொத்தம் 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. நொத்தாரிசின் கட்டணமும் புரோக்கர் பணமும் வேறு. இடம் சரிவராமல் விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினால் இத்தனையும் மறுபடியும் கட்ட வேண்டும். மாதம் 60 ஆயிரம் ரூபாவுக்கு அதே பகுதியில் வாடகைக்கு இருந்தால் வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. ஒரு வருடத்தில் இரண்டு மழைக் காலம், ஒரு நோன்பு, ஒரு பெரஹரா எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். புதுக் கம்பனியின் சரக்கை முதலில் ஒரு பெட்டி மட்டும் எடுத்து விற்றுப் பார்ப்பது போலத்தான் இது.

வீட்டுக்காகக் கடையின் முதலில் கை வைப்பதும் நல்லதல்ல. முதல் குறைந்தால் மகன் கடனுக்குப் போவார், எமது மாதச் செலவும் ஆட்டம் காணும். கடைக் கட்டடம் எமக்குச் சொந்தமென்றால் மகனிடம் இருந்தாலும் ஒரு வாடகையைப் பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

யாருக்காக இந்த வீடு?

இதுதான் மிக முக்கியமானது. பெரும்பாலும் கணவன்தான் முந்தி மௌத்தாகிறார். அதன் பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது மனைவி. நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பதும் அந்த வீட்டில்தான். ஆகவே அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாவிட்டாலும் நடந்து போய் மருந்து வாங்கக் கூடிய இடமா, நாலு பெண்கள் வந்து போகும் ஒழுங்கையா, மகள் அரை மணி நேரத்தில் வந்து சேர முடியுமா என்று பாருங்கள். உச்சி மேட்டில், தனி வீட்டில், அழகான காட்சியைப் பார்த்தபடி ஒரு தாய் தனித்துப் போவதில் என்ன பயன்?

உறுதியையும் யோசிக்க வேண்டும். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. வீடு முழுவதும் கணவன் பெயரில் இருந்தால், ஒரு பிள்ளைக்குப் பணம் தேவைப்பட்டு பங்கு கேட்கும் நாளில் அந்தத் தாய் எங்கே போவார்? இருவர் பெயரிலும் வாங்குவதா, ஹயாத்தோடு இருக்கும்போதே ஒரு பகுதியை அன்பளிப்பாக எழுதுவதா என்பதை நொத்தாரிசிடமும் ஒரு ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

எனவே அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது புரோக்கரோடு தனியாகப் போகாதீர்கள். மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள். பள்ளிக்கும் பாமசிக்கும் அவரை நடக்க விட்டு, ‘இங்கே தனியாக இருக்கலாமா?’ என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விலை எவ்வளவு மலிவானாலும் அந்த இடம் வேண்டாம். எமக்குப் பின்னும் எமது குடும்பம் நிம்மதியாக இருக்கும் இடத்தை அல்லாஹ் எல்லோருக்கும் தந்தருள்வானாக.