ஓய்வுகால நிதியும் நூற்றுக்கு 70 என்னும் அளவுகோலும்

தொழில் கொள்வோர் ஒருவர் தம் ஊழியரின் முதுமைக்கென ஒரு நிதியை ஏற்படுத்தும்போது, அதில் எவரெவரைச் சேர்க்க வேண்டும்? இலங்கையில் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இக்கேள்விக்குப் பெரும்பாலும் இடம் வைக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒருபுறம் இருக்க, கொம்பனிகள் தாமாகவே ஓய்வுகாலத் திட்டம் நடத்தவேண்டுமென்று அந்நாட்டு மத்திய சட்டம் வற்புறுத்துவதில்லை. நடத்தினால் வரிச் சலுகை உண்டு. கொம்பனி செலுத்தும் பணம் செலவாகக் கழிக்கப்படும். ஊழியர் அதைக் கையிற் பெறும்வரை வரி செலுத்த வேண்டியதில்லை.

சலுகை இருக்குமிடத்தில் ஆசையும் பிறக்குமல்லவா? பணிப்பாளரும் முகாமையாளரும் தமக்கு மட்டும் ஒரு திட்டத்தை அமைத்துக்கொண்டு, பட்டறையில் நிற்போரையும் கந்தோரைக் கூட்டித் துடைப்போரையும் வெளியே நிறுத்திவிடலாம். அப்போது நாட்டார் விட்டுக்கொடுத்த வரிப்பணம் வசதி படைத்தோரின் முதுமைக்கே போய்ச் சேரும். இதைத் தடுக்கும் விதி 1942ஆம் ஆண்டின் இறைவரிச் சட்டத்தில் முதன்முதல் தெளிவாக இடம்பெற்றது. 1974இல் அது வரிச் சட்டக்கோவையின் 410ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டது. இன்றைய கணக்கு 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் வகுத்தது.

அக்கணக்கு ஊழியரை இரு கூறாக்குகிறது. கொம்பனியில் நூற்றுக்கு 5க்கு மேற்பட்ட உரிமை உடையோரும், முந்திய ஆண்டில் குறித்த தொகைக்கு மேல் ஊதியம் பெற்றோரும் உயர் ஊதியத்தார். 2025ஆம் ஆண்டுக்கு அத்தொகை 160,000 டொலர். மற்றெல்லோரும் ஏனையோர். உயர் ஊதியத்தாரில் எத்தனை வீதம் பயன்பெறுகின்றனரோ, அதில் நூற்றுக்கு 70 அளவுக்கேனும் ஏனையோரின் வீதம் இருத்தல் வேண்டும்.

ஒரு கொம்பனியில் உயர் ஊதியத்தார் 10 பேர், ஏனையோர் 100 பேர் என்று கொள்வோம். அந்தப் பத்துப்பேரும் திட்டத்தில் இருந்தால், ஏனையோரில் 70 பேர் இருக்க வேண்டும். பத்துப்பேரில் ஐவர் மட்டுமே இருந்தால், 35 பேர் போதும்! இது விசித்திரமாகத் தோன்றலாம். எத்தனை தொழிலாளர் பயனடைந்தனர் என்பதன்று சட்டத்தின் கேள்வி; மேலிடத்தாருக்கு எவ்வளவு பின்னே அவர்கள் விடப்பட்டனர் என்பதே கேள்வி. இதில் தவறும் திட்டத்துக்கு, சராசரிப் பயனை ஒப்பிடும் இன்னொரு சோதனையும் உண்டு. ஆனால் அங்கேயும் ஆட்களைப் பெயர் குறித்துப் பொறுக்கியெடுத்தல் செல்லாது.

எவரை எண்ணுவது என்பதிலேதான் சூட்சுமம் முழுவதும் கிடக்கிறது. 21 வயது நிரம்பாதோர், ஓராண்டுச் சேவை முடியாதோர் ஆகியோரைத் திட்டம் சேர்க்காவிடின், கணக்கிலும் விட்டுவிடலாம். ஓய்வுகாலப் பயன்பற்றித் தொழிற்சங்கம் பேசி ஒப்பந்தம் செய்த ஊழியரும் அவ்வாறே. தொழிலாளரை வேறொரு கொம்பனியின் பெயரில் வைத்துத் தப்பிக்கொள்ளும் உபாயம் மட்டும் பலிக்காது. ஒரே உரிமையாளரின் ஆட்சியிலுள்ள கொம்பனிகள் யாவும் ஒரே தொழில் கொள்வோராகவே கொள்ளப்படும்.

சோதனையில் தவறிய கொம்பனி, திட்ட ஆண்டு முடிந்து ஒன்பதரை மாதத்துக்குள் விடுபட்டோரைப் பின்னோக்கிச் சேர்த்துப் பிழையைத் திருத்தலாம். திருத்தாவிடின், சேர்ந்துள்ள உரிமைத் தொகைக்கு உயர் ஊதியத்தார் வரி செலுத்த நேரும். ஏனைய ஊழியர்மீது அச்சுமை ஏற்றப்படுவதில்லை. நியாயமான ஏற்பாடுதான்.

எனினும் 401-கே எனப்படும் திட்டங்களில், தம் ஊதியத்திலிருந்து சேமிக்கும் உரிமை கிடைத்தாலே ஒருவர் பயன்பெறுபவராக எண்ணப்படுகிறார். வீட்டு வாடகைக்கே ஊதியம் போதாமல் ஒரு சதமேனும் சேமிக்காதவரும் அந்த எழுபதில் ஒருவரே. பகுதிநேர ஊழியருக்கு 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் ஒரு கதவைத் திறந்தன. 2025 முதல், தொடர்ந்து ஈராண்டுகளில் ஆண்டுக்கு 500 மணித்தியாலம் உழைத்த, 21 வயது நிரம்பியோர் இத்திட்டங்களிற் சேமிக்கலாம். அவர்களுக்காகத் தம் பங்கைச் செலுத்தும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. நூற்றுக்கு 70 என்னும் கணக்கில் அவர்களைச் சேராமல் விடவும் அவருக்கு அனுமதி உண்டு.