வாங்கிய கருவியால் காயம் நேரின் பொறுப்பு யாருடையது?

முற்காலத்தில் ஏரும் மண்வெட்டியும் அரிவாளும் ஊர்த் தச்சனாலும் கொல்லனாலும் செய்யப்பட்டு வந்தன. செய்தவன் இன்னான் என்பதும், அவன் வேலைத்திறம் இத்தகையது என்பதும் வாங்குவோருக்கு நேரில் தெரியும். பழுது கண்டால் மறுநாளே பட்டறைக்குச் சென்று கேட்டுவிடலாம். இக்காலத்திலோ கதிரடிக்கும் இயந்திரமும், தீவனம் வெட்டும் இயந்திரமும், பூச்சி மருந்தும் எங்கோ ஓர் ஊரில் செய்யப்பட்டு, பல கை மாறி, அருகிலுள்ள கடைக்கு வந்து சேர்கின்றன. செய்தவரை வாங்கியவர் கண்டதில்லை. இத்தகைய பொருளால் ஒருவர் கை இழந்தாலும் கண் கெட்டாலும் யாரைக் கேட்பது என்பது விவசாயிகள் அவசியம் அறிய வேண்டிய விஷயமாகும்.

இது குறித்துக் கிராமங்களில் இருவகை அபிப்பிராயங்கள் உண்டு. "விலை வாங்கிய கம்பெனியாரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும்" என்பது ஒன்று. "கையை உள்ளே விட்டவன் குற்றமே" என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மையல்ல. கருவியின் குறையினால் தீங்கு நேர்ந்ததா, கருவியைக் கையாண்ட முறையினால் நேர்ந்ததா, இரண்டும் கலந்தனவா என்பதையே சட்டம் ஆராய்கின்றது. விடைக்குத் தக்கபடி பொறுப்பு கம்பெனியைச் சேரும். அல்லது காயமுற்றவரைச் சேரும். சில சமயங்களில், எதிர்பாராத வண்ணம், கருவியை வாங்கி வேலையாட்களிடம் கொடுத்த நிலக்காரரையே சேரும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

பொருளை யாரிடம் நேராக வாங்கினோமோ அவர்மீது மட்டுமே வழக்குத் தொடரலாம் என்பது முன்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வழங்கிய விதி. கடைக்காரர் தாம் செய்யவில்லை என்பார்; செய்தவரோ தமக்கும் வாங்கியவருக்கும் ஒப்பந்தமே இல்லை என்பார். காயமுற்றவர் இடையில் நிற்பார்.

1916ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்தின் உயர் நீதிமன்றம் ப்யூக் மோட்டார் கம்பெனி வழக்கில் இவ்விதியைத் தளர்த்திற்று. ஒரு காரின் மரச்சக்கரம் ஓட்டத்தில் முறிந்து, வாங்கியவர் காயமுற்றார். காரை அவர் வியாபாரியிடம் வாங்கியிருந்தார். சக்கரத்தையோ கம்பெனியார் வேறொருவரிடம் வாங்கிப் பூட்டியிருந்தனர். ஆயினும் தக்கவாறு சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்றும், சோதியாமல் விற்றமைக்குக் கம்பெனியே பொறுப்பென்றும் நீதிபதி கார்டோசோ தீர்ப்பெழுதினார்.

பின்னர் 1932ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை மற்றொரு வழக்கில் இதே வழியைப் பின்பற்றிற்று. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1928ஆம் ஆண்டில் ஒரு மாது, தம் தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீர் என்னும் பானத்தை அருந்தினார். ஒளி புகாத அப்புட்டியிலிருந்து அழுகிய நத்தை வெளிவந்ததாகவும், அதனால் நோயுற்றதாகவும் அவர் வழக்குத் தொடர்ந்தார். விலை கொடுத்தவர் அவரல்லர். எனினும், இறுதியில் யார் உபயோகிப்பார் என்று எதிர்பார்க்கத் தக்கதோ அவரிடத்திலும் பொருள் செய்பவருக்குக் கவனக் கடமை உண்டென ஐவரில் மூவர் தீர்ப்பளித்தனர். இந்திய நீதிமன்றங்களும் இக்கொள்கையை ஏற்றுள்ளன.

இரு தரப்பிலும் குற்றம் இருப்பின்

காயமுற்றவரிடத்தும் தவறு இருந்தால் என்ன செய்வது? 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் 79 வயது மூதாட்டி ஒருவர், நின்றிருந்த காரில் அமர்ந்து, மக்டொனால்ட்ஸ் கடையில் வாங்கிய காப்பிக் கோப்பையை முழங்கால்களுக்கிடையில் வைத்து மூடியைத் திறந்தார். காப்பி கொட்டித் தோல் ஆழமாக வெந்துபோயிற்று. கவனமின்றித் திறந்தது அவர் தவறே. ஆனால் அக்கம்பெனியார் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் காப்பி விற்று வந்தனர் என்பதும், அதற்கு முன் பத்தாண்டுகளில் சுமார் 700 புகார்கள் அவர்களுக்கு வந்திருந்தன என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன.

1994ஆம் ஆண்டில் ஜூரிகள் குற்றத்தில் நூற்றுக்கு 20 பங்கை மூதாட்டிமீதும் 80 பங்கைக் கம்பெனிமீதும் சுமத்தினர். ஆகவே 2,00,000 டாலர் நஷ்டஈடு 1,60,000 டாலராகக் குறைந்தது. தண்டனையாக ஜூரிகள் விதித்த 27 லட்சம் டாலரை நீதிபதி 4,80,000 டாலராகக் குறைத்தார். முடிவில் இரு தரப்பாரும் சமாதானமாயினர். கவனக்குறைவு இருந்ததென்பதற்காகக் காயமுற்றவரின் கோரிக்கை முழுவதும் அழிவதில்லை. அவர் பங்குக்கு உரியதே கழிகின்றது. குற்றத்தின் அளவுக்கேற்ப நஷ்டஈட்டைப் பகிரும் முறையை மோட்டார் விபத்து வழக்குகளில் இந்திய நீதிமன்றங்களும் கைக்கொண்டு வருகின்றன.

இந்தியச் சட்டம் கூறுவது

2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2020 ஜூலை மாதத்தில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் நேரும் தீங்கிற்கான பொறுப்பைத் தனி அத்தியாயத்தில் விவரிக்கின்றது. அதன்படி பொருள் செய்தவர் ஐந்து காரணங்களால் பொறுப்பாளராவார். அவையாவன: செய்கையில் குறை, அமைப்பிலேயே குறை, குறித்த அளவுகளுக்கு மாறாகச் செய்தல், எழுதிக் கொடுத்த உத்தரவாதத்திற்குப் பொருந்தாமை, சரியான உபயோக முறையையும், தவறான உபயோகத்தால் வரும் அபாயத்தையும் போதுமான அளவு அறிவிக்காமை.

விற்பவர் பொருளை மாற்றியமைத்திருந்தாலும், தாமாகவே உத்தரவாதம் கொடுத்திருந்தாலும், பூட்டுவதிலும் சோதிப்பதிலும் கவனம் தவறினாலும், செய்தவர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குவோரிடம் சேர்ப்பிக்காவிட்டாலும் பொறுப்பாவார். செய்தவர் இன்னார் என்றே தெரியாத பொருளை விற்றாலும் அவ்வாறே. பெயரற்ற கருவியை மலிவு கருதி விற்கும் வியாபாரிகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இனி விலக்குகள். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாக உபயோகிக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்றவர்மீது வழக்குச் செல்லாது. யாவருக்கும் தெரிந்த அபாயத்தைக் குறித்து எச்சரிக்கவில்லை என்று செய்தவர்மீது குறை கூறலாகாது. அரிவாள் வெட்டும் என்று எவரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. உபயோகித்தவர் மது மயக்கத்தில் இருந்தாலும் எச்சரிக்கைக் குறைவு என்னும் காரணம் பயன்படாது. வேறொரு விலக்கு நிலக்காரர்களுக்கு மிக முக்கியமானது. வேலைத்தலத்தில் உபயோகிப்பதற்காக முதலாளி ஒருவர் பொருளை வாங்கி, செய்தவர் அவரிடம் எச்சரிக்கைகளைக் கொடுத்துவிட்டால், தொழிலாளியை எச்சரிக்கவில்லை என்று பின்னர் செய்தவரைக் குற்றஞ்சாட்ட இயலாது. கம்பெனியார் கொடுத்த விளக்கப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிய நிலக்காரர், அப்புத்தகத்தோடு பொறுப்பையும் வாங்கி வைத்துக்கொண்டவராகிறார்.

கதிரடிக்கும் இயந்திரம்

விசையால் ஓடும் கதிரடிக்கும் இயந்திரங்களில் பலர் விரலும் கையும் இழந்தமையால், இந்திய அரசாங்கம் 1983ஆம் ஆண்டில் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிற்று. அவ்வியந்திரங்களின் உற்பத்தியையும் விற்பனையையும் உபயோகத்தையும் ஒழுங்குபடுத்துவதும், இயக்கும் தொழிலாளிக்கு மரணமோ காயமோ நேரின் நஷ்டஈடு அளிக்கச் செய்வதும் அதன் நோக்கமாகும்.

இந்தியத் தர நிர்ணயப்படி, கதிரைச் செலுத்தும் வாய்த்தொட்டி குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் உருளையை அடுத்த 45 சென்டிமீட்டர் மூடியும் இருக்க வேண்டும். கதிரைத் தள்ளுபவரின் கை சுழலும் உருளையை எட்டாதிருப்பதற்கே இவ்வளவுகள் ஏற்பட்டன. குட்டையான திறந்த தொட்டியுடன் விற்கப்பட்ட இயந்திரத்தால் கை போயிற்றென்றால், அமைப்பிலேயே குறை என்று செய்தவர்மீது சாட்டலாம். நல்ல தொட்டியுடன் வந்த இயந்திரத்தில், வேலை விரைவாக நடக்கும் என்று மூடியைக் கழற்றிவிட்டால் நிலைமை தலைகீழாகும். கம்பெனியார், "எங்கள் பொருள் மாற்றப்பட்டுவிட்டது" என்று விலகிக்கொள்வர். மூடியைக் கழற்றச் சொன்ன நிலக்காரரே தொழிலாளிக்கு ஈடு சொல்ல வேண்டியவராவார்.

வேலையின்போது நேரும் காயத்திற்கு முதலாளி, தம்மீது குற்றமில்லாவிடினும், ஈடளிக்க வேண்டும் என்னும் கொள்கை 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஏற்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கின்றது. தொழிலாளி தாமே வேண்டுமென்று காப்பைக் கழற்றியிருந்தால் விலக்கு உண்டு. ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அவ்விலக்கும் பயன்படாது. ஆகவே நில உரிமையாளர் இரு நிலைகளில் நிற்கிறார். வாங்குபவர் என்னும் முறையில் அவர் கம்பெனியைக் கேட்கலாம்; முதலாளி என்னும் முறையில் அவரைத் தொழிலாளி கேட்கலாம். கழற்றப்பட்ட ஒரு தகரமூடி முதல் உரிமையைக் குறைத்து இரண்டாவது கடனைப் பெருக்கிவிடுகின்றது.

பூச்சி மருந்து

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை ஒட்டிய 1971ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்துப் புட்டியின் சீட்டில் விஷத்தின் கடுமை நிறத்தால் குறிக்கப்படுகின்றது. சிவப்பு மிகக் கொடிய விஷம்; மஞ்சள் கொடியது; நீலம் நடுத்தரம்; பச்சை குறைந்தது. வழங்கும் பிரதேச மொழியிலும் சீட்டு இருக்க வேண்டும். உபயோக முறையும் விஷமுறிவும் கூறும் துண்டுப் பிரசுரம் உடன் இருக்க வேண்டும். கடையில் வேறு புட்டியில் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் மருந்தை வாங்குபவர் இந்த எச்சரிக்கையை மட்டுமன்றித் தம் சாட்சியத்தையும் இழக்கிறார்.

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டில் பருத்திக்கு மருந்து தெளித்தோரில் சுமார் 20 பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். பாதுகாப்பு உடை அணியாமையே காரணம் என்று சிலரும், வெயிலில் அவ்வுடை அணிய இயலாதென அறிந்தே மருந்து விற்கப்பட்டது என்று சிலரும் வாதித்தனர். பாதிக்கப்பட்டோரில் சிலர் 2020ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர நீதிமன்றத்தில் அந்நாட்டுக் கம்பெனி ஒன்றின்மீது வழக்குத் தொடர்ந்தனர். கம்பெனியார் தம் மருந்தே காரணம் என்பதை மறுத்தனர். எந்த மருந்து, எந்த நாளில், எவ்வளவு என்பதே இத்தகைய வழக்குகளின் உயிர்நிலை. காலிப் புட்டியும் ரசீதும் இல்லாத இடத்தில் அதனை நிலைநாட்டுவது அரிது.

செய்ய வேண்டியவை

பொருளை வாங்கும்போது, செய்தவர் பெயரும் வரிசை எண்ணும் குறித்த ரசீது பெறுதல் வேண்டும். விளக்கப் புத்தகத்தை வேலையாட்கள் அறியப் படித்துக் காட்டல் வேண்டும்; காப்பு மூடிகளைக் கழற்றலாகாது. விபத்து நேரின் முதலில் சிகிச்சை. அடுத்து, இயந்திரத்தைப் பழுது பார்க்காமலும் விற்காமலும் இருந்த நிலையிலேயே வைத்துப் புகைப்படம் எடுத்தல் வேண்டும். மருத்துவமனைச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தல் வேண்டும்.

வழக்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், காயமுற்றவர் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். கம்பெனி இருக்கும் நகரத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுத்தல் வேண்டும். பயிரிட விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. எனினும் இயந்திரத்தைப் பெரிய அளவில் வாடகைத் தொழிலாக நடத்துவோர் நுகர்வோர் என்னும் வரையறைக்குள் அடங்காமற் போகலாம். அவர்களுக்குச் சிவில் நீதிமன்றமே வழியாகும்.

கிராம நிர்வாக அலுவலர்களால் இதில் பெரிய உதவி செய்ய இயலும். செய்தி கிடைத்த அன்றே சென்று, இயந்திரத்தின் பெயர், எண், மூடி இருந்ததா இல்லையா, உடன் இருந்தோர் யாவர் என்பவற்றை உள்ளபடி எழுதி வைத்தால் போதும். யார்மீது குற்றம் என்று அவர்கள் முடிவு கூற வேண்டியதில்லை. பல வழக்குகள் நியாயமின்மையால் தோற்பதில்லை. அன்றே எழுதி வைக்காமையால் தோற்கின்றன.

நஷ்டஈடு குடும்பத்தின் கடனைத் தீர்க்கலாம். போன கையைத் திருப்பித் தராது. காப்பு மூடியை அதன் இடத்திலேயே விட்டுவைப்பதற்கோ செலவு ஏதுமில்லை. கையைக் காப்பதும் அதுவே. கை போனால் உரிமையைக் காப்பதும் அதுவே.